ஜே. எல். சிங் வடிவியலாளரா, இயற்பியலாளரா?

அயர்லாந்துப் பேராசிரியர் சிங்கை எந்தத் துறையில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் அவர் முதலில் வடிவியலாளர்தான். இயற்பியலையும் வடிவங்களாகவே பார்த்தவர்.

1897இல் டப்ளினில் பிறந்தார். நாடக ஆசிரியர் ஜே. எம். சிங் இவருக்குச் சித்தப்பா முறை. அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்தார். அப்புறம் டொரொன்டோ, மறுபடி டிரினிட்டி, திரும்பவும் டொரொன்டோ, அமெரிக்காவில் ஒஹாயோ, பிட்ஸ்பர்க் என்று பல இடங்களில் பாடம் நடத்தினார். 1948இல் டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து, 1972இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அவர் பெயரைத் தாங்கிய தேற்றம் 1936இல் வந்தது. இரட்டைப்படைப் பரிமாணம், எங்கும் நேர்க்குறி வளைவு (பந்தின் பரப்பைப் போல), முடிவில்லாமல் நீளாத, விளிம்பும் இல்லாத மூடிய அமைப்பு, இட வலம் குழம்பாத தன்மை, இவை நான்கும் உள்ள வெளியில் எந்த மூடிய வளையத்தையும் அறுக்காமல் ஒரே புள்ளியாகச் சுருக்கிவிடலாம். வளைவை அந்தந்த இடத்தில் அளக்கிறோம், ஆனால் மொத்த வெளியின் உருவமே தெரிந்துவிடுகிறது! வடிவியலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

ஐன்ஸ்டைனின் சார்பியலிலும் இதே கண்தான். கருந்துளை என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, 1950இல், கோள வடிவப் பொருளைச் சுற்றியுள்ள ஈர்ப்பை விவரிக்கும் ஷ்வார்ட்ஸ்சைல்ட் தீர்வை, இன்று கருந்துளையின் விளிம்பு என்று சொல்லும் எல்லைக்கு உள்ளேயும் நீட்டிக் காட்டினார். அந்தக் கட்டுரை அப்போது போதிய கவனம் பெறவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். 1960இல் பொதுச் சார்பியல் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது.

1995இல், 98 வயதில் காலமானார். புகழ்பெற்ற கணிதவியலாளர் கேத்லீன் மொராவெட்ஸ் இவருடைய மகள்.