ஹெட்டை இறக்கச் சொல்கிறார்களா? முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் கூலன்ட் குறைகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் போனால் இறங்கிவிடுகிறது. தரையில் சொட்டு எதுவும் தெரியவில்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடுகிற வால்வு) கழற்றிவிட்டார், பிறகு வாட்டர் பம்ப் மாற்றினார். இப்போது ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெள்ளையாக இருப்பதைக் காட்டி, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும், 28,000 ஆகும்" என்கிறார். பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு புரோக்கரும் சொல்கிறார். என்ன செய்வது? அதுவரை தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா? – அவிநாசி வாசகர்

பதில்: ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியை, இறக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு) போனதற்கான உறுதியான அடையாளம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பாகத்தில் கை வைத்தாயிற்று, ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை. நம் ஊர் வழக்கமே இதுதான். "பார்த்துச் சொல்ல" யாரும் காசு கொடுப்பதில்லை; பாகம் மாற்றினால்தான் பில் போட முடியும். அதனால் பாகத்தை மாற்றி மாற்றிக் கோளாறைத் தேடுகிறார்கள், செலவு உங்கள் தலையில். பிரஷர் டெஸ்டுக்குச் சில நூறு ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களே பம்ப், கேஸ்கெட் என்று ஆயிரக்கணக்கில் எண்ணி வைத்துவிட்டு வருகிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜாப் கார்டில் "கூலன்ட் டாப் அப்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எங்கே போனது என்று கேட்க அந்தக் கார்டில் கட்டமே இல்லை.

நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்குகிறது என்கிறீர்களே, அதைத்தான் மெக்கானிக் முதலில் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்; பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் தானாகக் கிளம்பிவிடும். ஏசிக்குச் சுற்றுகிற ஃபேன் சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற ப்ளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போனிலேயே டிகிரிக் கணக்கு தெரியும், முள்ளை நம்ப வேண்டியதில்லை.

ஃபேன் கோளாறு கூலன்ட் குறைவதற்கும் காரணமாகலாம். கொதித்தது மூடியைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் டேங்குக்குப் போகும், அங்கிருந்து வழிந்து சூட்டில் காய்ந்துவிடும். தரையில் சொட்டு இருக்காது.

அடுத்தது மூடி. சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. ரேடியேட்டர் மூடியின் வேலை குக்கர் வெயிட்டின் வேலை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 125-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இந்த லாபம் போய்விடும். இன்ஜின் நன்றாக இருந்தாலும் கூலன்ட் கொதித்து வெளியே தள்ளும். மூடியின் அடியில் நடுவில் சின்னதாக இன்னொரு வால்வு இருக்கும். இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கில் இருப்பதைத் திரும்ப ரேடியேட்டருக்குள் இழுப்பதற்கு அதுதான் வழி. அது ஒட்டிக்கொண்டாலோ, டேங்குக்குப் போகிற சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, டேங்கில் "ஃபுல்" வரை நிற்கும், ரேடியேட்டரில் கழுத்து வரை காலியாக இருக்கும். நிறைய பேர் டேங்கை மட்டும் பார்த்துவிட்டுக் கூலன்ட் இருக்கிறது என்று கிளம்பி, வழியில் நிற்பது இப்படித்தான். இரவு முழுக்க ஆறிய வண்டியில், காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். மூடியின் ரப்பரில் விரிசல் தெரிந்தால் புதிதாக மாற்றுங்கள். பழையதில் 0.9 என்றிருந்தால் புதியதும் 0.9 தான். 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள், பத்து வயதான ரேடியேட்டரின் பிளாஸ்டிக் அதைத் தாங்காது.

இதெல்லாம் சரியாக இருந்தால் கசிவைத் தேடலாம். இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல், வழுவழுப்பில்லாமல் இருக்கும். கூலன்ட் பிசுபிசுக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும், காய்ந்தால் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், விஷம். நாய், பூனை நக்காமல் உடனே கழுவிவிடுங்கள். பொருக்கு அதிகம் தெரிகிற இடம், ரேடியேட்டரின் அலுமினியமும் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியும் சேருகிற மடிப்பு. சூட்டில் மட்டும் மயிரிழையாகத் திறந்து ஆவியாக விடும், ஆறினால் மூடிக்கொள்ளும். புதிதாகப் போட்ட பம்பின் அடியிலுள்ள சின்னத் துளை, ஹோஸ் க்ளாம்ப்கள், முன்சீட்டுக் கால்மிதியின் கீழ் ஈரம் (இருந்தால், காருக்குள் சூடு தருகிற ஹீட்டர் கோர் கசிகிறது) ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட். ஆறிய ரேடியேட்டரின் கழுத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை அடித்து, 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். 0.9 பார் என்றால் 13 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடிக்க விடாதீர்கள். முள் இறங்கினால் வெளியில் எங்கே நனைகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். முள் இறங்கியும் வெளியில் எங்கும் ஈரமில்லை என்றால்தான் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றவிட்டால், கசிகிற சிலிண்டரிலிருந்து கூலன்ட் தெறிக்கும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கென்றே வேறு பரிசோதனைகள் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகிற ரப்பர் குழாய்) கல் மாதிரி இறுகினால் சிலிண்டரின் வாயு உள்ளே வருகிறது என்று பொருள். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும். கூலன்ட் புதிதாக நிரப்பிய சில நிமிடங்கள் வருகிற குமிழி வேறு, அது உள்ளே மாட்டிய காற்று. நீல திரவம் நிரப்பிய குழாயை ரேடியேட்டர் கழுத்தில் வைத்துக் காற்றை இழுக்கிற கருவி ஒன்றும் உண்டு. பெட்ரோல் இன்ஜினின் புகை வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இவற்றில் ஒன்றையாவது உங்கள் கண்ணெதிரே காட்டாமல் ஹெட்டை இறக்குகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆயில் மூடியில் பார்த்த வெள்ளைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறார்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும், பள்ளிக்கூடம், கடை என்று ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுசாகச் சூடேறாது. உள்ளே இருக்கிற ஈரம் மேலே போய், குளிர்ந்த ஆயில் மூடியில் படிந்து, ஆயிலோடு கலந்து வெண்ணெய் மாதிரி ஒட்டும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வேறு இல்லை, அதுவே இன்ஜினைச் சூடேறாமல் வைத்திருக்கும். வெள்ளை படிய அந்த மெக்கானிக்கே வழி செய்து கொடுத்திருக்கிறார். மூடியைத் துடைத்துவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை எடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெளிவாக இருந்து, அளவும் ஏறாமல் இருந்தால், மூடி வெள்ளைக்கு மதிப்பே கிடையாது. ஒரு நாள் கோவை வரை பைபாஸில் போய்வந்து மூடியை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். டிப்ஸ்டிக்கிலேயே காபி நிறத்தில் நுரைத்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் கதை வேறு. அந்த இன்ஜினை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை அவசியம் திரும்பப் போடுங்கள். 82 முதல் 88 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு அது. இல்லாவிட்டால் இன்ஜின் குளிராக இருப்பதாக நினைத்து ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் விழும்.

உண்மையிலேயே கேஸ்கெட் என்று நிரூபணமானால், 28,000-க்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். இறக்கிய ஹெட்டை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (துல்லியமாக நேரான இரும்புக் கோல்) வைத்து வளைவு பார்க்க வேண்டும், 0.05 மி.மீ. அளவு வளைவே பல இன்ஜின்களில் எல்லை. லேத்தில் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டுக்குப் பிரஷர் டெஸ்ட், புது ஹெட் போல்ட், இந்த மூன்றுக்கும் தனித்தனி பில் கேளுங்கள். வெறும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் ஆறு மாதத்தில் அதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

பழைய இன்ஜின் புரோக்கரை மறந்துவிடுங்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, திருட்டு வண்டியா என்று அவர் சொல்ல மாட்டார். இன்ஜின் நம்பர் மாறினால் ஆர்சி-யில் ஏற்ற வேண்டும், அதற்கு ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். "இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டுடலாம் சார்" என்பவரையும் நம்பாதீர்கள். சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு இழப்பீடு கிடையாது.

கசிவை அடைக்கிற பவுடர், மஞ்சள் தூள், எதையும் ரேடியேட்டரில் கொட்டாதீர்கள். ஓட்டையோடு சேர்த்து ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். உங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதையும் ஊற்ற வேண்டாம். கூலன்ட் கேனில் ஐஎஸ் 5759 (கூலன்டுக்கான இந்தியத் தர எண்) என்று இருக்கிறதா, ரெடி மிக்ஸா, கான்சென்ட்ரேட்டா என்று படித்து வாங்குங்கள். ரெடி மிக்ஸில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சென்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்.

ஊற்றி ஊற்றி ஓட்டலாமா என்ற கேள்விக்கு: குமிழி இல்லை, ஹோஸ் இறுகவில்லை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால், தினமும் காலையில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, ஊருக்குள் சில நாள் ஓட்டலாம். மலை ஏறுவது, நீண்ட பயணம் வேண்டாம். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஏறிய முள் சட்டென்று தானாக விழுந்தால் சரியாகிவிட்டது என்று கிளம்பாதீர்கள். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், அப்போதும் முள் குறைவாகத்தான் காட்டும். கொதிக்கிற இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட் விரிசல் விடும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடிந்த பிறகு மூடியில் துணி போட்டு மெல்லத் திறங்கள்.