மின்னசோட்டா பள்ளி ஐஸ் ஹாக்கியில் சின்னப் பள்ளிகளுக்கு நியாயம் கிடைக்கிறதா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளி ஹாக்கி அணிகளை 'ஏ', 'டபுள் ஏ' என்று இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்களே, அதனால் சின்னப் பள்ளிகளுக்கு உண்மையில் பயன் உண்டா, அல்லது பலமான அணிகள் எங்கே போனாலும் ஜெயிக்கத்தான் செய்கின்றனவா?

பயன் உண்டு. பிரித்தது சரி. ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் ஐந்து வயதிலேயே காலில் ஸ்கேட் கட்டுகிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஹாக்கியில் பலத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான்.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி மட்டையோடு திரியும் பையன்கள் நடுவே வளர்ந்தவன். வேலைக்காக வட மின்னசோட்டாவின் ஒரு சிறிய ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. இங்கே மண் கிடையாது, பனித்தளம். பந்து கிடையாது, 'பக்' என்ற ரப்பர் வட்டு. என் மகன் ஆறு வயதில் ஆரம்பித்து, பள்ளி அணியில் டிஃபென்ஸ் ஆடும் வரை வந்தான். அணி என்றால் எங்கள் பள்ளி மட்டும் அல்ல. தனியாக ஆள் தேறாததால் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் சேர்த்துக்கொண்ட கூட்டு அணி.

அவனுடைய கடைசி வருடம் செக்‌ஷன் போட்டியின் முதல் சுற்று. மாநிலப் போட்டிக்குப் போக இந்த வட்டாரப் போட்டியை ஜெயிக்க வேண்டும். எங்களுக்கு எட்டாம் இடம், எதிரே முதலிடத்து அணி. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அந்தப் பள்ளி எது என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. எங்கள் பெஞ்சில் கோல்கீப்பர் தவிர பதின்மூன்று பேர். அவர்கள் பெஞ்சில் பதினெட்டு பேர், கூடவே இன்னொரு கோல்கீப்பர் தயாராக. நான் வழக்கம்போல ஷாட் எண்ணும் தாளை மடியில் வைத்திருந்தேன். கோலை நோக்கி வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பென்சிலால் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது.

முதல் பகுதியில் எங்கள் பக்கம் 8 கோடு, அவர்கள் பக்கம் 15. ஸ்கோர் 1-1. எங்கள் ஊர் ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இரண்டாம் பகுதியில் 5, 19. மூன்றாம் பகுதியில் எங்கள் பக்கம் இரண்டே கோடு. அவர்கள் பக்கம் இடம் போதாமல் தாளின் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. கடைசி ஸ்கோர் 1-8. வித்தியாசம் அதிகமானதால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். பையன்கள் பெஞ்சுக்குத் திரும்பும்போது கதவைத் திறக்கவும் தெம்பில்லாமல் பலகைச் சுவர் மேல் அப்படியே சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். எங்கள் கோல்கீப்பர் ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு அவன் தடுத்தது நாற்பதுக்கு மேல்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் தாளிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஒருவர் முழு வேகத்தில் ஆடக்கூடியது முக்கால் நிமிடம்தான். அப்புறம் மாற வேண்டும். ஒரு பகுதி 17 நிமிடம், மொத்தம் மூன்று பகுதி. மூன்று முழு லைன் (ஒன்றாக இறங்கி ஒன்றாக மாறும் குழு) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதுக் காலோடு இறங்குவார்கள். இரண்டு லைனை வைத்து ஓட்டுபவர்கள் முதல் பகுதியில் திறமையால் ஈடுகொடுக்கலாம், மூன்றாம் பகுதியில் முடியாது. சின்னப் பள்ளியின் முதல் ஐந்து பேர் பெரிய பள்ளியின் முதல் ஐந்து பேருக்கு இளைத்தவர்கள் அல்ல. பல நேரம் ஒரு படி மேல். தோற்கடிப்பது பெரிய பள்ளியின் பதினோராவது, பன்னிரண்டாவது ஆள்.

சரி, பழைய கதைக்கு வருகிறேன். மாநிலப் போட்டி 1945-இல் தொடங்கியது. 1991 வரை ஒரே வகுப்புதான், ஊர் சின்னதோ பெரிதோ எல்லோருக்கும் ஒரே கோப்பை. முதல் கோப்பையை வாங்கியதே எவலெத் என்ற இரும்புச் சுரங்க ஊர். அப்புறம் 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு முறை. அந்த ஊரின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜான் மயாசிச் ஆடிய காலம் அது. தொடர்ச்சியாக 69 ஆட்டம் தோற்காமல் ஜெயித்தார்கள். கனடா எல்லையில் இருக்கும் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் 1964, 65, 66 என்று மூன்று வருடம் வரிசையாக வாங்கியது. அந்தக் காலத்தில் ஆதிக்க அணி என்றால் வடக்குச் சின்ன ஊர்தான். குளிர் அதிகம், இயற்கையாகவே பனி உறைந்து கிடக்கும். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பனி நேரம் இவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

அதை மாற்றியது செயற்கைப் பனித்தளம். புறநகர்களில் பணமும் குடும்பங்களும் குவிந்தன, மூடிய அரங்குகள் எழுந்தன. மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனா இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1958 முதல் கோச்சாக இருந்து எட்டு மாநிலக் கோப்பை வாங்கித் தந்த வில்லர்ட் ஐகோலா யார் தெரியுமா? எவலெத்தின் அந்தச் சாம்பியன் அணிகளில் கோல்கீப்பராக நின்றவர். சுரங்க ஊரில் கற்ற வித்தை புறநகருக்குக் குடிபோன கதை அது. ஈடைனாவின் கணக்கு இப்போது 14 கோப்பை, கடைசியாக 2024-இல்.

1969 இறுதி ஆட்டத்தைப் பற்றி இங்கே இன்னமும் பேசுவார்கள். ஒரு பக்கம் ஈடைனா, மறு பக்கம் வார்ரோட். வார்ரோட் இன்றைக்கும் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்த அணியின் உயிர் ஹென்றி பூஷே என்ற, ஒஜிப்வே பழங்குடி இளைஞர். இரண்டாம் பகுதியில் பலகையில் மோதி, காதில் அடிபட்டு வெளியே கொண்டுபோனார்கள். அவர் இல்லாமலேயே வார்ரோட் சமன் செய்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது, 5-4 என்று தோற்றது. பூஷே பிறகு 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளி வாங்கினார். 2023-இல் காலமானார். எங்கள் ரிங்கில் ஸ்கேட் தீட்டித் தரும் பெரியவர் அந்த ஆட்டத்தைச் சின்ன வயதில் டிவியில் பார்த்தவர். என் மகனின் ஸ்கேட்டைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "பூஷே கடைசி வரை தளத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு நாங்கள்தான் தம்பி." அவர் வார்ரோட்காரர்கூட இல்லை. அந்த 'நாங்கள்' வடக்கு முழுவதற்கும்.

இந்த ஒரு ஆட்டத்தை வைத்துத்தான் பலர் "ஒரே வகுப்பாகவே விட்டிருக்கலாம், அந்த மாயம் போய்விட்டது" என்கிறார்கள். அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் 1969-இல் ஒரு வார்ரோட் வந்தது என்பதற்காக, செக்‌ஷன் முதல் சுற்றிலேயே நொறுங்கிப்போன அத்தனை ஊர்களையும் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது. அந்த ஊர்ப் பையன்கள் மாநிலப் போட்டியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

1992, 93 இரண்டு வருடமும் சீசன் கடைசியில் தரம் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். "நீ இரண்டாம் தரம்" என்று நெற்றியில் ஒட்டியதுபோல் இருந்ததால் அது நிலைக்கவில்லை. 1994 முதல் மாணவர் எண்ணிக்கைதான் அளவு. பெரிய பள்ளிகள் டபுள் ஏ, மற்றவை ஏ. விருப்பப்பட்டால் சின்னப் பள்ளி மேலே போய் ஆடலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து எண்ணிக்கையில் ஒரு பகுதியைக் கழிக்கவும் செய்கிறார்கள். அந்த விதி எனக்குப் பிடிக்கும். ஒரு பையனுக்கு ஸ்கேட், கவசம், மட்டை எல்லாம் வாங்கிக்கொடுத்த எந்த அப்பாவுக்கும் அது ஏன் நியாயம் என்று தெரியும்.

1994-இல் முதல் ஏ கோப்பை வார்ரோடுக்கே போனது. எல்லோருக்கும் மனசு நிறைந்திருக்கும். ஆனால் பத்து வருடம் கழித்துப் பாருங்கள். 2004 முதல் 2013 வரை பத்து ஏ கோப்பைகளில் எட்டை இரண்டே தனியார் பள்ளிகள் பங்குபோட்டுக்கொண்டன. பிரெக் மூன்று, செயின்ட் தாமஸ் அகாடமி ஐந்து. மிச்சம் 2005-இல் வார்ரோட், 2007-இல் ஹெர்மன்டவுன். அந்த இரண்டு தனியார் பள்ளிகளிலும் தலை எண்ணிக்கை குறைவுதான், விதிப்படி ஏ வகுப்புதான். ஆனால் பெருநகரம் முழுக்க எங்கிருந்து வேண்டுமானாலும் பிள்ளைகள் அங்கே சேரலாம். வடக்கே ஒரு கோச்சுக்குத் தன் ஊரில் அந்த வருடம் பிறந்த பையன்கள்தான் கையிருப்பு.

டுலூத் பக்கத்தில் இருக்கும் ஹெர்மன்டவுன் பட்ட பாடு எனக்கு இன்னமும் வலிக்கிறது. 2010 முதல் 2015 வரை ஆறு வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டம், ஆறிலும் தோல்வி. அதில் மூன்று செயின்ட் தாமஸ் அகாடமியிடம். 2013 தோல்விக்குப் பிறகு அவர்களுடைய கோச் ப்ரூஸ் ப்ளாண்ட், அந்தப் பள்ளி மேல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அடுத்த சீசனில் செயின்ட் தாமஸ் டபுள் ஏ-வுக்குப் போய்விட்டது. 2016, 2017 என்று ஹெர்மன்டவுன் கோப்பையைத் தூக்கியது. உடனே அதே கேள்வி ஹெர்மன்டவுன் பக்கம் திரும்பியது: நீங்கள் மட்டும் ஏன் இன்னும் கீழே இருக்கிறீர்கள்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன். ஹெர்மன்டவுன் ஒரு நகரத்தை ஒட்டி வளரும் ஊர், பிள்ளைகள் பெருகும் ஊர். அதே ஏ வகுப்பில்தான் எங்களைப் போன்ற கூட்டு அணிகளும் இருக்கின்றன. எவலெத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஹாக்கியின் புகழ் மண்டபம் இருக்கும் ஊர். சுரங்க வேலை சுருங்கச் சுருங்க மக்கள் கிளம்பிப்போய், இன்று நாலாயிரம் பேர்கூட இல்லை. முதலில் கில்பர்ட்டோடு சேர்ந்தது, இப்போது வர்ஜீனியாவோடும் இணைந்து ராக் ரிட்ஜ் என்ற ஒரே பள்ளியாகிவிட்டது. 69 ஆட்டம் ஜெயித்த அந்தப் பெயர் ஜெர்சியில் இல்லை. இதைச் செய்தது ஈடைனாவோ தனியார் பள்ளிகளோ அல்ல, வேலை போனதுதான். போட்டிச் சமநிலை பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

"அப்படியானால் ரோஸோ எப்படி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். வார்ரோடிலிருந்து அரை மணி நேர ஓட்டம், மூவாயிரத்துக்கும் குறைவான மக்கள். தானாகவே டபுள் ஏ-வில் ஆடி, 2007-இல் பெரிய பள்ளிகளை எல்லாம் தாண்டி டபுள் ஏ கோப்பையை வாங்கியது. அது அந்த ஊருக்கு ஏழாவது கோப்பை. நான் அங்கே ஒரு டோர்னமென்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இரவு ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்து நாங்கள் மூட்டை கட்டும்போது, உள்ளூர்ப் பொடியன்கள் கவசம்கூட இல்லாமல் தளத்தில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோச் கிடையாது, விசில் கிடையாது. வார்ரோடிலும் இதே கதை. ஊர்க்காரர்கள் தரும் பணத்தில் பிள்ளைகளுக்குப் பனித்தள வாடகையே இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ரோஸோவில் போலாரிஸ், வார்ரோடில் மார்வின் ஜன்னல் கம்பெனி என்று ஆளுக்கொரு பெரிய தொழிற்சாலை. வேலை இருப்பதால் குடும்பங்கள் தங்குகின்றன, குடும்பங்கள் தங்குவதால் பெஞ்ச் நிறைகிறது. அதனால் "ரோஸோவால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது?" என்று ஒரு சுரங்க ஊரைப் பார்த்துக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என்ன செய்யலாம்? மூன்றாவது வகுப்பு வேண்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. கோப்பை மலிந்தால், மாநிலப் போட்டி நடக்கும் செயின்ட் பால் நகருக்குப் போகும் அந்தப் பயணத்தின் மதிப்பும் குறையும். இண்டியானா மாநிலத்தில் வேறு விளையாட்டுகளில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மாநிலப் போட்டியில் ஜெயிக்க ஜெயிக்கப் புள்ளி சேரும், குறிப்பிட்ட அளவு சேர்ந்தால் அந்த அணி கட்டாயம் மேல் வகுப்புக்குப் போக வேண்டும். இங்கேயும் அதுதான் வேண்டும். தனியாரா பொதுவா என்று பார்க்கவே தேவையில்லை. நான்கு வருடத்தில் மூன்று முறை இறுதிக்குப் போனால் அடுத்த இரண்டு வருடம் மேலே ஆடு. அங்கே தாங்க முடியாவிட்டால் இறங்கி வா. நல்ல பையன்கள் படித்து முடித்துப் போன பிறகு மேலே அனுப்பினால் மிச்சப் பையன்கள் அடிவாங்குவார்கள் என்பது இதற்கு எதிரான வாதம், அது உண்மையும்கூட. ஆனால் வருடா வருடம் இறுதிக்குப் போகும் பள்ளிகளில் ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் கீழே தயாராக நிற்கிறது.

அடுத்தது கூட்டு அணி விதி. இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் இரண்டின் எண்ணிக்கையும் கூடுகிறது, அணியில் சேருவதோ மூன்று நான்கு பையன்கள். ஸ்கேட் கட்டும் பிள்ளைகளை எண்ணி வகுப்பு போட்டால் இந்தக் குழப்பம் வராது. மின்னசோட்டாவில் சிறுவர் ஹாக்கி ஊர்ச் சங்கங்கள் வழியாகத்தான் நடக்கிறது, பதிவுக் கணக்கு அவர்களிடமே இருக்கிறது. புதிதாக எதுவும் எண்ண வேண்டாம்.

எங்கள் ஊரில் இந்த வருடம் மைட்ஸ் என்ற பொடியன்கள் பிரிவில் பதினொரு பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அதில் மூன்று பெண் பிள்ளைகள். போன வருடம் ஏழுதான். என் மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ரிங்குக்குப் போய் அவர்களுக்கு லேஸ் இறுக்கிக் கட்டிவிடுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்ததும் கையைக் காட்டினான், லேஸ் அறுத்துச் சிவந்திருந்தது. "பதினொரு பேர்ப்பா, இருபத்திரண்டு ஸ்கேட்" என்றான்.