மார்கழிக் கச்சேரிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னையில் டிசம்பர் பிறந்தால், மார்கழிக் கச்சேரிகளை நடத்தும் இசை அமைப்புகளான சபாக்களின் அட்டவணைகள் வந்துவிடும். இந்த ஆண்டு முதன்முறையாகப் போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பல காலமாகச் சபாக்களில் முன்வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து கேட்டுவரும் ஒரு ரசிகையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சங்கீதம் படித்ததில்லை. அட்டவணையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எந்தக் கச்சேரியில் தொடங்கலாம்?

மதியக் கச்சேரியில் தொடங்குங்கள். பெரும்பாலான சபாக்களில் நாள் முழுக்க நிகழ்ச்சி உண்டு. காலையில் விளக்கவுரை, மதியம் இளம் கலைஞர்கள், பிற்பகலில் ஓரளவு பெயர் பெற்றவர்கள், மாலையில் மூத்த வித்வான்கள். மாலைக்கு டிக்கெட் வேண்டும். மதியத்துக்குப் பல இடங்களில் கட்டணமே இல்லை.

இலவசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மதியம் பாடும் பெண்ணோ பையனோ அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகப் பல மாதம் பயிற்சி செய்திருப்பார். எதிரே நாற்காலிகள் காலியாக இருக்கும். நீங்கள் மூன்றாவது வரிசையில் போய் உட்காரலாம். வயலின் வில் எந்தப் பக்கம் போகிறது, மிருதங்கக்காரர் எப்போது பாடகரின் வாயைப் பார்க்கிறார், எப்போது கண்ணை மூடிக்கொள்கிறார் என்பதெல்லாம் தெரியும். புகழ்பெற்றவரின் மாலைக் கச்சேரியில் பால்கனியில் உட்கார்ந்தால் இவை கிடைக்காது. நாளை மேடையை ஆளப்போகிறவர்கள் இன்று மதியம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போதுதான் ரசிகர் வேண்டும்.

கேள்வி: ஒரு கச்சேரியில் எது முதலில், எது பிறகு? அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்காருவது சிரமமாக இருக்கிறது.

இன்று நாம் கேட்கும் கச்சேரி வரிசையைப் பெரும்பாலும் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்துக் கொடுத்தார். அதற்கு முன்பு ஒரே ராகத்தைப் பல மணி நேரம் விஸ்தாரம் செய்யும் வழக்கம் இருந்தது. அவர் பல உருப்படிகளை, அதாவது பாடல்களை, அளவாக அடுக்கினார்.

தொடக்கத்தில் வர்ணம். குரல் பதமாகவும், பக்கவாத்தியங்கள் பாடகரோடு ஒட்டிக்கொள்ளவும் அது உதவும். பிறகு பெரும்பாலும் பிள்ளையார் மேல் ஒரு கிருதி (கீர்த்தனை). அடுத்து வேகமாக ஒன்று, நிதானமாக ஒன்று என்று போகும். நடுவில் கச்சேரியின் முதுகெலும்பான பிரதான உருப்படி வரும். பாடகர் சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்து ஆலாபனை செய்வார். அதே ராகத்தை வயலின் தன் பங்குக்கு வாசிக்கும். அதன்பின் கிருதி, நிரவல், ஸ்வரங்களை அந்தக் கணத்திலேயே கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்.

இதில் நிரவலைக் கவனியுங்கள். பாட்டிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடத்தை மாற்றாமல், மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். முதல் சுற்றில் வரி தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கும். பத்து நிமிடத்தில் அதே வரி மேல் ‘ஸ’வான ஷட்ஜத்தைத் தொட்டிருக்கும். இராகம் தெரியாதவருக்கும் இது புரியும், ஏனென்றால் சொற்கள் மாறுவதே இல்லை.

நீண்ட கச்சேரி என்றால் ராகம் தானம் பல்லவியும் உண்டு: ஆலாபனை, தாளமில்லாமல் துடிப்போடு பாடும் தானம், ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கும் பல்லவி. கடைசியில் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்கள்: விருத்தம், திருப்புகழ், பஜன், தில்லானா. சௌராஷ்டிரம் அல்லது மத்தியமாவதி ராகத்தில் மங்களம் கேட்டால் முடிந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து போகிறது. அதுதான் இடைவேளையா?

இல்லவே இல்லை. இதைக் கேட்டதற்கு நன்றி. ஒவ்வோர் ஆண்டும் என்னை வருத்தும் காட்சி இது. இரண்டு மணி நேரம் பாடகரைத் தாங்கிப் பிடித்த மிருதங்கக்காரர் தன் பேச்சைத் தொடங்கும் நேரத்தில் நாற்காலிகள் படபடவென மடங்குகின்றன. காப்பி பத்து நிமிடம் காத்திருக்கும்.

தாள வாத்தியக்காரர்களுக்கு உரிய மதிப்பு தாமதமாகவே வந்தது. சென்னை மியூசிக் அகாடமி என்ற சபாவின் சங்கீத கலாநிதி விருது 1940களிலிருந்து இருக்கிறது. ஒரு மிருதங்க வித்வானுக்கு அது முதன்முறை கிடைத்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயருக்கு.

தனியில் என்ன கேட்பது? முதலில் மிருதங்கம் தனியாக ஒரு சுற்று. பிறகு கடமோ கஞ்சிராவோ பதில். இந்தச் சுற்றுகள் மெல்லக் குறுகும்: எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), நான்கு, இரண்டு, ஒன்று, அரை. இதைக் குறைப்பு என்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் மூச்சு விடாமல் பிடிப்பார். பிறகு இருவரும் சேர்ந்து, முடிவை அறிவிக்கும் மோரா வாசிப்பார்கள். அடுத்து கோர்வை என்னும் கணக்கிட்ட முடிப்பு மூன்று முறை. மூன்றாவது முறை முடியும் அதே புள்ளியில் பாடகர் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பைப் பிடிப்பார். சில பாடல்களில் அந்த எடுப்பு தாளத்தின் முதல் தட்டில் இருக்காது. அரை எண்ணிக்கையோ முக்கால் எண்ணிக்கையோ தள்ளியிருக்கும். கணக்கெல்லாம் சரியாக அந்த இடத்தில் போய் விழும்போது அரங்கம் ‘ஆஹா’ என்று சொல்வது தானாக வருகிறது. எழுந்து போனவர்களுக்கு அது கிடையாது.

கேள்வி: பக்கத்தில் இருப்பவர்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள். நானும் போடலாமா? எப்படிப் போடுவது?

தாராளமாகப் போடலாம், சத்தமில்லாமல். ஆதி தாளம் போதும், பாதிக் கச்சேரி அதில்தான் இருக்கும். எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டிக் கையைத் திருப்பி வீசுங்கள், மறுபடி தட்டி வீசுங்கள். ஏழு எண்ணிக்கை போல நொண்டி நடந்தால் மிஸ்ர சாபு, மூன்றும் நான்கும். ஐந்தாக இருந்தால் கண்ட சாபு. தாளம் தவறினால் கையை நிறுத்திவிட்டு அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். வயலின்காரர் கையைப் பார்க்காதீர்கள், பாடகர் கையைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாரும் ராகத்தின் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் ஆண்டில் பிடிபட வேண்டியதில்லை. ஆசை இருந்தால் இரண்டே ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சங்கராபரணம், கல்யாணி. 72 மேளகர்த்தாக்களில் (தாய் ராகங்களில்) ஒன்று 29-ஆவது, மற்றது 65-ஆவது. ஏழு ஸ்வரங்களில் ஆறு இரண்டுக்கும் பொது. ‘ம’ என்னும் மத்தியமம் மட்டும்தான் வேறு. அந்த ஒரு ஸ்வரம் அரை இடம் மேலே ஏறியதும் ராகத்தின் முகமே மாறிப்போவதைக் கேட்டுவிட்டால், காது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிக்கெட் எப்படி வாங்குவது?

புகழ்பெற்றவர்களின் மாலைக் கச்சேரிகளுக்கு அறிவிப்பு வந்த உடனே வாங்கிவிடுங்கள். சீசன் டிக்கெட் வாங்குபவர்கள் நல்ல இடங்களை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கான டிக்கெட்டுகளைப் பல சபாக்கள் தனியாக விற்கின்றன. சபா அலுவலகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: அம்மா, தமிழ்நாட்டில் நடக்கும் விழாவில் ஏன் தெலுங்குப் பாடல்களே அதிகம்? தமிழ்ப் பாடல்களை எங்கே கேட்கலாம்?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டாலும் நியாயமான கேள்விதான். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், சியாமா சாஸ்திரி, முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். ஆனால் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும்தான் பெரும்பாலும் பாடல் இயற்றினார்கள். கச்சேரி மேடை அவர்களைச் சுற்றி வளர்ந்தது. தமிழ்ப் பாடல்கள் துக்கடாவாகக் கடைசியில் ஒதுங்கின. அதை எதிர்த்து எழுந்ததுதான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. பாரிமுனைப் பக்கம் உள்ள அண்ணாமலை மன்றத்தில் அதன் இசை விழா டிசம்பரிலேயே நடக்கிறது. தேவாரத்தின் பழைய ராகங்களான பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்களும் அங்கே உண்டு. சபாக்கள் நிறைந்த மயிலாப்பூரைத் தாண்டிப் போகத் தயங்காதீர்கள்.

மற்ற சபாக்களிலும் தமிழ் இல்லாமல் இல்லை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் ஆகியோரின் பாடல்களைப் பிரதான உருப்படியாகவே எடுத்துப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழி என்பதால் திருப்பாவையும் வரும். முப்பது பாசுரங்களுக்கும் மெட்டமைத்தவர் அரியக்குடிதான். என் கருத்தைக் கேட்டால், தமிழ்ப் பாடல் கச்சேரியின் நடுவில், ஆலாபனையும் நிரவலும் தனியும் பெற்று உட்கார வேண்டும். அப்படிப் பாடுகிறவருக்குக் கைதட்டலைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டைப் பாடச் சொல்லிப் பாடகருக்குச் சீட்டு எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் பிரதான உருப்படி முடிந்த பிறகு அனுப்புங்கள், துக்கடாவாகக் கேளுங்கள். பாடாவிட்டால் மனம் வருந்தாதீர்கள். அவர் அன்றைக்கு எந்த ராகம் எங்கே வர வேண்டும் என்று யோசித்துத்தான் வந்திருப்பார்.

கேள்வி: எட்டு வயதுப் பெண்ணை அழைத்து வரலாமா? தொந்தரவு என்று முறைப்பார்களா?

முறைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். நாளைய ரசிகர் வேறு எங்கிருந்து வருவார்? வழியோர இருக்கையில் உட்காருங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் பாட்டு முடிந்து கைதட்டும்போது எழுந்து போங்கள்.

குழந்தைக்கு முதலில் பரதநாட்டியம் நல்லது. மியூசிக் அகாடமியின் நாட்டிய விழா ஜனவரித் தொடக்கத்தில் வரும், பள்ளி விடுமுறை முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்க நடனமான அலாரிப்பிலிருந்து நிறைவான தில்லானா வரையுள்ள வரிசை, தஞ்சை நால்வர் என்னும் சகோதரர்கள் வகுத்தது. நடுவில் வரும் வர்ணம் அரை மணிக்கு மேலே போகும். குழந்தைக்கு அதுதான் கடினம். முந்தின நாளே கதையைச் சொல்லிவிடுங்கள்: நாயகி தோழியைத் தூது அனுப்புகிறாள், அவன் வரவில்லை, அவள் என்ன செய்கிறாள். கண்களும் கைகளும் அதைத்தான் சொல்கின்றன என்று தெரிந்துவிட்டால் குழந்தை நம்மைவிடக் கூர்மையாகப் பார்க்கும்.

கேள்வி: காலை விளக்கவுரைகள் அறிஞர்களுக்கு மட்டுமா?

இல்லை, எல்லாருக்கும்தான். மியூசிக் அகாடமியின் காலை நிகழ்ச்சிகளுக்கு யாரும் போகலாம். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடு கூடியது. அகாடமி அதிலிருந்துதான் அடுத்த ஆண்டு பிறந்தது. எனவே விவாதமும் அதன் வேலைதான். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு வித்வான்கள் மேடையிலேயே பாடிக் காட்டி வாதிடுவதை வேறு எங்கும் கேட்க முடியாது. நாட்டியத்தில் ஆர்வம் இருந்தால் தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா நடத்தும் நாட்டிய கலா மாநாட்டுக்குப் போங்கள்.

கேள்வி: செல்போனில் பதிவு செய்யலாமா?

வேண்டாம். அனுமதியும் இல்லை. இருட்டில் உங்கள் திரை வெளிச்சம் பின்வரிசையில் இருப்பவர் கண்ணில்தான் அடிக்கும்.

கேள்வி: கேன்டீன் பற்றி ஒரு வார்த்தை?

கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் பெரும்பாலான சபா கேன்டீன்களில் சாப்பிடலாம். மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் டிபன். கூட்டம் குறைவான நேரம் மாலைக் கச்சேரி தொடங்கி அரை மணி கழித்து. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

கேள்வி: சபா அரங்குக்குள் மட்டும்தான் கலையா? பறையும் கூத்தும் எங்கே?

சபா மேடை யார் யாருக்கு எளிதாகத் திறக்கிறது என்ற கேள்வி பழையது. அது இன்னும் தீரவில்லை. நாகஸ்வரம் இல்லாமல் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஆனால் சபாவில் அதற்கு மாலை நேர இடம் கிடைப்பது அரிது. தொடக்க நாளில் மங்கள இசையாக வாசிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அட்டவணையில் நாகஸ்வரம் தவில் என்று தனிக் கச்சேரி கண்டால் மற்றதை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

பறை, கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம் எல்லாம் பொங்கலை ஒட்டி வரும் சென்னை சங்கமத்தில் கிடைக்கும். 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, இப்போது மீண்டும் பூங்காக்களிலும் திறந்தவெளிகளிலும் அரசு நடத்துகிறது. டிக்கெட் இல்லை. தெருக்கூத்துக்கு நகரம் போதாது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் பங்குனிக்கு மேல் மகாபாரதக் கதையைச் சொல்லும் பாரதக் கூத்து நடக்கும்போது போங்கள், புரிசை போன்ற ஊர்கள் அதற்குப் பெயர் பெற்றவை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து பேசத் தொடங்கினால் விடியும்வரை எழுந்திருக்க மனம் வராது. போர்வை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: டிசம்பரில் சென்னைக்கு வர இயலாது. தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறேன். எனக்கு என்ன?

உங்களுக்குத் திருவையாறு இருக்கிறது. தியாகராஜர் 1847-இல் மறைந்தார். தை மாதத்தை ஒட்டி வரும் தேய்பிறைப் பஞ்சமியில் அவருடைய நினைவு விழாவான ஆராதனை. காவிரிக் கரையில் அவருடைய சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூரு நாகரத்தினம்மாள். அங்கே பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில் போராடி இடம் பெற்றுத் தந்தவரும் அவரே.

பஞ்சமியன்று காலையில் தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள், ஐந்தும் ஆதி தாளம். புகழ்பெற்றவரும் பாட்டு வகுப்பு மாணவரும் ஒரே தரையில் உட்கார்ந்து பாடும் இடம் அது, டிக்கெட் கிடையாது. பந்தலில் இடம் பிடிக்க விடிந்ததும் போய்விடுங்கள். ஐந்தையும் கற்க நேரமில்லை என்றால் ஸ்ரீராகக் கிருதியை மட்டும் இப்போதே கேட்டுப் பழகுங்கள். கடைசியாக வருவது அதுதான், அதற்குள் தயக்கம் போய் நீங்களும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருப்பீர்கள்.