எண்ணிக்கையில் இருந்தார்கள், இடாப்பில் இல்லை

அன்புள்ள ஐயா,

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோனது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கூடலூரில் பிறந்தவள். என் பாட்டி 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத்தான் என் அம்மாவைப் படிக்க வைத்தார். நான் இப்போது கோவையில் சட்டம் படிக்கிறேன். தன்னுடைய அப்பா 1947-இல் வாக்களித்தார் என்றும், பிறகு அந்த உரிமை இல்லாமல் போயிற்று என்றும் பாட்டி அடிக்கடி சொல்வார்.

உங்கள் எழுத்தில் எனக்கு ஒரு மனக்குறை. எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுகிறீர்கள். தலைவர்கள் உறுதியாக நின்றிருந்தால் அந்தச் சட்டங்கள் நிறைவேறியிருக்குமா? ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருந்தார்களே, என்ன செய்தார்கள்? சட்டம் என்பது தாள். அதை எழுதுகிறவனையும் எதிர்க்காமல் விட்டவனையும் அல்லவா கேட்க வேண்டும்?

இப்படிக்கு,
கூடலூர் வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். தலைவர்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்; அமைச்சரான பிறகு அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அவரைப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைப் பற்றி நம்மவர்கள் எழுபது ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். பேசாமல் விட்டது சட்டத்தின் உட்பிரிவுகளைத்தான். நீங்கள் சட்டம் படிக்கிறவர் என்பதால் அந்த உட்பிரிவுகளுக்குள் உங்களை அழைத்துப் போக ஆசைப்படுகிறேன்.

1947 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் 95. நியமன உறுப்பினர் 6 பேர். ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 42. பாதிக்குக் கூட எட்டவில்லை. தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. இந்த ஏழோடு கணக்கு முடியவில்லை. தோட்டத்து வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் பக்கம் விழுந்தது. ஆளுங்கட்சிக்கு அச்சம் தந்தது இதுதான். 101 பேர் உள்ள சபையில் ஏழு பேர் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்கள். எதிர்த்துப் பேசினார்கள், எதிர்த்து வாக்களித்தார்கள், தோற்றார்கள். 1952-இல் கொழும்பில் சத்தியாகிரகம் இருந்தார்கள். அதற்குள் அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து, அதாவது வாக்காளர் பட்டியலிலிருந்து, போய்விட்டன.

அதைச் செய்தவை மூன்று சட்டங்கள். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம், யார் பிரஜை என்று வரையறுத்தது. 1949-இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜையாவதற்கு ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கூடாது என்றது. எந்தச் சட்டத்திலும் ‘தோட்டத் தமிழருக்கு வாக்கில்லை’ என்று ஒரு வரி கிடையாது. எல்லாருக்கும் பொதுவான சட்டம் போலவே வாசிக்கலாம்.

முதல் சட்டம் கேட்ட சான்றைப் பாருங்கள். இலங்கையில் பிறந்தவர் என்றால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டின் அறையில் மருத்துவச்சி கையில் பிறந்த ஒரு கூலியாளின் பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? தலைமுறை தலைமுறையாய்க் கிராமத்தில் இருந்தவர்களிடமும் அந்தப் பத்திரம் இருந்ததில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேள்வி தோட்டத்து வாசலில் மட்டும் நின்றது.

இரண்டாவது சட்டத்துக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது என்று அர்த்தம். என் தாத்தா, தன் தந்தையின் கருமாதிக்காகத் திருச்சிப் பக்கத்து ஊருக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினார். திரும்பும்போது மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டை, ஏதாவது ஒரு நாள் உதவும் என்று தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். விசாரணைக்கு அதையே எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சீட்டில் இருந்த தேதிதான் அவரைத் தள்ளியது. போதாததற்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ராமன், சீட்டில் ராமையா. இருவரும் ஒருவரே என்று கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் வரவே இல்லை. பெட்டி இன்றும் என் மேசைக்கடியில் இருக்கிறது. சீட்டின் மடிப்பு நைந்து இரண்டாகக் கிழிந்துவிட்டது.

இப்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜையாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் கதை 1948-இல் தொடங்கவில்லை. 1931-இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத் தமிழருக்கு மட்டும் நிரந்தர வாசம், ஐந்தாண்டு வதிவு என்ற நிபந்தனைகள் இருந்தன. 1939-இல் ஏறத்தாழ 2,25,000 பேர் இடாப்பில் இருந்தார்கள். சான்றுகளைக் கடுமையாகச் சரிபார்த்ததில் 1943-இல் அது 1,68,000 ஆனது. ஒரு சட்டமும் மாறாமல், மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்விகளால் மட்டும் இத்தனை ஆயிரம் பெயர் கழிந்தது. இங்கே எந்தத் தலைவரைக் குற்றம் சொல்வீர்கள்?

இனி, நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சோல்பரி யாப்பில், அதாவது அன்றைய இலங்கை அரசியலமைப்பில், தொகுதி பிரிப்பதற்கு ஒரு விதி உண்டு. 75,000 ஆட்களுக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு இன்னோர் இடம். ஆட்களுக்கு என்றுதான் இருக்கிறது. வாக்காளருக்கு என்று இல்லை. ஆகவே நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் கண்டிக்கும் எத்தனை இடம் என்று கணக்கிட்டபோது, லயங்களில் இருந்த ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டது. தாத்தா ஒரு தலை. அப்பாயி ஒரு தலை. கைக்குழந்தைகளும் தலைகள். அந்த எண்ணிக்கையால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. வாக்குச்சாவடிக்குப் போகும் நாளில் மட்டும் அந்தத் தலைகள் இல்லை. அவர்கள் பெயரால் வந்த இடங்களுக்கு யார் போவது என்பதைப் பக்கத்துக் கிராமத்து வாக்காளர்கள் மட்டும் தீர்மானித்தார்கள். அவர்களுடைய ஒவ்வொரு வாக்கின் எடையும் கூடியது. 1952-இல் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. 1959-இல் தொகுதிகளை மறுபடி வரைந்தபோதும் தலைக்கணக்கு அப்படியே இருந்தது.

அமெரிக்காவின் 1787 அரசியலமைப்பு, வாக்கில்லாத அடிமைகளை இட ஒதுக்கீட்டுக்காக ஐந்தில் மூன்று பங்காக எண்ணியதை வகுப்பில் படித்திருப்பீர்கள். எங்கள் மக்கள் முழுதாக எண்ணப்பட்டார்கள். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாக்கைப் பறித்ததை மன்னித்தாலும் மன்னிப்பேன்; பறித்த பிறகும் எங்கள் தலையை எண்ணி அதில் பதவி பெற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வழக்குப் போடவில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். போட்டார்கள். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கோடகன் பிள்ளை என்பவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி இந்தச் சட்டங்கள் செல்லாது என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமையை ஏற்றும் சட்டம் செல்லாது என்று யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதுதான் அவருடைய பிடி. உயர் நீதிமன்றம் 1951-இல் அதை மாற்றியது. வழக்கு, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-இல் தோற்றது. பிரஜை யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உரியது, இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்து, அது யார் மேல் விழுகிறது என்பதைப் பாராமல் விட்டால் ஒரு நீதிமன்றம் எங்கே போய் நிற்கும் என்பது அதில் தெரியும். என் அப்பாயி பிறந்தது, மணந்தது, பிள்ளை பெற்றது, இறந்தது எல்லாம் ஒரே தோட்டத்தில். இடம்பெயரும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. உங்கள் பாட்டி கப்பல் ஏறியதும் பழக்கத்தால் அல்ல. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்ததால்.

சட்டத்தால் மூடிய கதவு சட்டத்தாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததையும் சொல்ல வேண்டும். 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு மூன்று வாக்கு; மூன்றையும் ஒரே வேட்பாளருக்குப் போடலாம். அதற்குள் பிரஜாவுரிமை பெற்றிருந்த தோட்டத்து மக்கள் அப்படியே போட்டார்கள். காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரோடு தொண்டமான் மூன்றாமவராகத் தேர்வானார். அது ஓர் உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அந்த வெற்றிக்கு வழியே இல்லை. பிறகு, வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை வந்தது. 1988-இல் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது.

1994 ஓகஸ்ட் மாதத் தேர்தலில் அப்பாயியை நான்தான் வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு 74 வயது. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியில் வாக்களித்தவர், 47 ஆண்டு கழித்து மறுபடி வரிசையில் நின்றார். வேட்பாளர்களின் விருப்பு எண்கள் வழிநெடுகப் பாறைகளில் சுண்ணாம்பால் எழுதியிருந்தன. ஒவ்வொரு எண்ணையும் நின்று நின்று வாசிக்கச் சொன்னார். எனக்கு 32 வயது. எனக்கும் அதுவே முதல் வாக்கு. உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சீட்டை எப்படி மடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். வெளியே வந்ததும் மை பூசிய விரலை முந்தானையில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே லயம் வரை நடந்தார்.

வாக்குக் கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. 2020-இல் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு இடங்களில் ஐந்து தமிழருக்கு வந்தன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஒன்றும் இல்லை. மக்கள் அங்கே சிதறி வாழ்கிறார்கள். இரத்தினபுரியில் 2024-இல்தான் ஒருவர் வந்தார். கோடகன் பிள்ளை பெயர் கேட்ட மாவட்டத்தில் அவரைப் போன்றவர்களின் வாக்கு இன்னும் திரண்டு ஓர் இடமாகவில்லை. இன்னொன்று. தோட்டத்து மக்கள் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018-இல். தாங்களே தேர்ந்தெடுத்த உறுப்பினரிடம் லயத்துக்கு ஒரு பாதை கேட்டால், அவர் அந்தப் பிரிவைக் காட்டிக் கைவிரிப்பார்.

மறுபடியும் தொகுதி முறைக்குப் போக வேண்டும் என்று இங்கே பேச்சு அடிபடும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. எல்லையைக் கொஞ்சம் அப்படி இப்படி வரைந்தால் போதும், இடாப்பில் ஒரு பெயரையும் நீக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டியின் பெட்டியில் பழைய தாள்கள் இருக்கும். அவருடைய அப்பா 1949-க்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால், மறுத்த கடிதம் ஒன்று அதில் கிடக்கலாம். கிடைத்தால், எந்தக் காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பாட்டிக்கு என் வணக்கம்.