ஸ்டியரிங்கை ஒடித்தால் பிக்கப்பில் 'டொக்' சத்தம் ஏன்?

ஆத்தங்குடிக் கல் ஏற்றும் பிக்கப், பின்சக்கர இழுவை. காரைக்குடித் தெருமுனைகளில் ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் 'டொக்' என்கிறது, எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். காசைக் கொடுத்துவிடாதீர்கள். சி.வி. ஜாயின்ட் தேய்ந்தால் சக்கரம் சுழலும் வேகத்துக்கேற்ப 'டக் டக் டக்' என்று வரும். உங்கள் வண்டியில் முன்சக்கரத்துக்கு இழுவையே இல்லை. பிறகு அந்த ஜாயின்ட் எங்கிருந்து வரும்?

ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி ஒடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பால் ஜாயின்ட் மேல், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்மின் நுனியிலுள்ள குண்டு மூட்டின் மேல், கை வையுங்கள். கோளாறு அங்கே என்றால் 'டொக்' விரலில் உதைக்கும். சுருள் ஸ்பிரிங் இடுக்கில் மட்டும் விரலை விடாதீர்கள்.

அடுத்து, கீழ் ஆர்முக்கடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டும் வைத்து, டயருக்கடியில் கடப்பாரையால் நெம்புங்கள். பால் ஜாயின்ட் மேலும் கீழும் ஆடினால் அதுதான் ஆள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது வரும் ஆட்டம், பிரேக்கை மிதித்ததும் நின்றால் வீல் பேரிங். டயரை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை. முன்னால் பட்டை ஸ்பிரிங் என்றால் அதை அச்சோடு இறுக்கும் யூ போல்ட், அதன் முனையிலுள்ள ஷாக்கிள் புஷ் இரண்டையும் பாருங்கள்.

ரப்பர் கவர் கிழிந்து செம்மண் புகுந்த பால் ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் அடித்தால் சில நாள் வாயடைக்கும், அவ்வளவுதான். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். கல் பாரத்தோடு அந்த விளையாட்டு வேண்டாம். மாற்றியதும் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட்டார்களா என்று குனிந்து பாருங்கள், சக்கர அலைன்மென்ட்டும் செய்துவிடுங்கள்.