சிறைக்குள் காசநோய் ஏன் வேகமாகப் பரவுகிறது, எப்படித் தடுப்பது?

காசநோய் காற்றில் பரவும் தொற்று. நோயாளி இருமும்போது வெளியேறும் கிருமி, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். மழைக்காக ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்ட டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சிறைவாசிக்கு இறங்கும் ஸ்டாப் மட்டும் கிடையாது.

அதனால் உள்ளே வரும் நாளிலேயே இருமல், காய்ச்சல், எடைக்குறைவு உண்டா என்று கேட்டு, சந்தேகமிருந்தால் சளியைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை. உறுதியானால் தனி அறை, மாத்திரை. மருந்து வேலை செய்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் மாத்திரை வழக்கமாக ஆறு மாதம் தொடர வேண்டும். சிக்கலே இங்கேதான். ஜாமீனில் போகிறவர், வேறு சிறைக்கு மாற்றப்படுகிறவர் விவரம் அடுத்த மருத்துவமனைக்குப் போகாவிட்டால் சிகிச்சை பாதியில் அறுந்து, மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம்.

நெரிசல் குறையாமல் மற்றதெல்லாம் அரைகுறைதான் என்பேன். இந்தியச் சிறைகளில் சுமார் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, நெரிசலைக் குறைக்க யாரைப் பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

அப்புறம், கைதியின் தட்டைத் தொட்டாலே, கைகுலுக்கினாலே ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். காசநோய் அப்படிப் பரவாது.