சலாலாவில் பெய்வதும் நம்ம மழைதான்

கடல் கடந்து வாழும் உறவுகளோடு வெயில்கால உலா பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் குடும்பம் மஸ்கட்டில் இருக்கிறது. ஜூலையில் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். எல்லாரையும் காரிலேயே சலாலா கூட்டிப்போவதாக மருமகன் சொல்கிறார். ஆயிரம் கிலோமீட்டராம். அறுபது தாண்டிய எங்களுக்கு ஒத்துவருமா? (வாசகி, தக்கலை)

பதில்: தாராளமாகப் போகலாம், ஒரே மூச்சில் மட்டும் வேண்டாம். ஓமானின் தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவுக்கு நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் வழியாகப் போகும் பாதை அது. ஹைமா பாதித் தூரத்தைக் கொஞ்சம் தாண்டி வரும். அங்கே இரவு தங்கிவிடுங்கள். விடியற்காலை நாலரைக்கு மஸ்கட்டை விட்டால் உச்சி வெயிலுக்கு முன்னால் அறைக்குள் போய்விடலாம்.

ஆதம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மொட்டைப் பொட்டல், நூல் பிடித்த மாதிரிச் சாலை. அங்கே பயப்பட வேண்டியது ஓட்டுபவரின் தூக்கத்துக்கும் ஒட்டகத்துக்கும்தான். கார் மோதுவது ஒட்டகத்தின் காலில். மேலே இருக்கும் உடம்பு முழுக்கக் கண்ணாடியில் வந்து விழும். அதனால் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஓட்டவே கூடாது. பெட்ரோல் முள் பாதிக்கு வந்ததுமே அடுத்த பங்கில் நிரப்பச் சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு முன் டயரை மருமகன் குனிந்து பார்க்கட்டும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் ஆகியிருந்தால், பூ தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. வளைகுடா வெயிலில் ரப்பர் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் நின்ற நேரத்தில், காலையில் அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே சரி. வழியில் சூடேறி அழுத்தம் கூடிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. காற்று குறைந்த டயர் கூடுதலாக நெளியும், நெளிந்தால் இன்னும் சூடேறும், கடைசியில் வெடிக்கும்.

ஜூன் 21 முதல் செப்டம்பர் 20 வரை சலாலாவில் கரீஃப் என்னும் பருவமழைக் காலம். நாம் இடவப்பாதி என்று சொல்லும் மழையைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் அடிக்கிறது. அந்தக் காற்று ஓமான் கரையோரம் அடிக்கடலின் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். அதன்மேல் வரும் ஈரக்காற்று சலாலாவை ஒட்டிய தோஃபார் மலையில் முட்டிப் பனிமூட்டமாகவும் தூறலாகவும் இறங்கும். மஸ்கட் நாற்பதைத் தாண்டிக் கொதிக்கும்போது சலாலாவில் இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைக்குலையும் பப்பாளியும் பார்க்கும்போது, நம்ம ஊர்க் கருங்கல் பக்கம் வந்துவிட்டோமோ என்றுகூட உங்களுக்குத் தோன்றும்.

தும்ரைத் தாண்டி மலை இறங்கும் இடத்தில் கவனம் வேண்டும். மேலே வெயில் அடிக்கும், சில கிலோமீட்டர் இறங்கியதும் வெள்ளைத் திரை. விளக்கைத் தாழ்த்திப் போட வேண்டும், கியரைக் குறைத்து இறங்க வேண்டும். நான்கு பக்க விளக்கையும் மின்ன விட்டபடி ஓட்டினால், நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

முழங்கால் வலி இருந்தால் வாதி தர்பாத், ஐன் ரஸாத் இரண்டும் உங்களுக்குத் தோது (வாதி என்றால் மலைப் பள்ளத்தாக்கு ஓடை, ஐன் என்றால் ஊற்று). காரிலிருந்து இறங்கினால் அதிகம் நடக்க வேண்டாம். புல் சரிவு ஈரத்தில் வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. முக்ஸைல் கடற்கரையில் மட்டும் வேலியைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள், பேரப்பிள்ளை எவ்வளவு அழுதாலும் சரி. பாறைக்கு மேலே ஏறிவந்து அலை ஆளை இழுத்துப்போன இடம் அது. நம் லெமூர் கடற்கரையில் 2024 மே மாதம் ஐந்து மருத்துவ மாணவர்களைப் பறிகொடுத்தோம். அலை சொல்லிக்கொண்டு வராது என்று நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஓமானில் சொஹாரில் இருக்கும் தம்பி நண்பர்களோடு வாதிகளில் குளிக்கப் போகிறான். "திற்பரப்பு அருவியில் குளித்து வளர்ந்தவன், எனக்கென்ன" என்கிறான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. (வாசகர், குலசேகரம்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்த அருவி இருக்கும் கோதையாற்றில் மேலே அணை இருக்கிறது, தண்ணீர் கூடினால் திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வாதியில் அப்படி ஆள் கிடையாது. எங்கோ தொலைவில் மலையில் பெய்த மழை வெறும் பாறையில் ஊறாமல் அப்படியே உருண்டு வரும். நிற்கும் இடத்தில் வானம் நீலமாகவே இருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ உடனே பக்கவாட்டில் மேடேற வேண்டும். வாதி நெடுக ஓடித் தப்ப முடியாது. காரை எடுக்கவும் போகக் கூடாது. ஓடும் தண்ணீர் ஓரடி ஆழம் இருந்தாலே சின்னக் காரை மிதக்க விட்டுவிடும். வெள்ளம் ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஓமானில் சட்டப்படி குற்றமும்கூட.

வாதி ஷாப் போனால் படகில் அக்கரை சேர்ந்து முக்கால் மணி நேரம் நடந்த பிறகுதான் நீந்தும் குளங்கள் வரும். கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையைத் தொடங்க வேண்டும். திரும்பும்போது பாறை அடுப்புக்கல் மாதிரிச் சுடும். நீந்தத் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: குடும்பமாக வெளியே போகும்போது சோறு கட்டிக்கொண்டு போனால் கெட்டுவிடுகிறது. என்ன கொண்டுபோகலாம்? (வாசகி, குளச்சல், தற்போது ஷார்ஜா)

பதில்: புளிச்சோறு, எள்ளுப்பொடி, வறுத்த மீன், அவித்த ஏத்தம்பழம். தேங்காய் அரைத்த எதுவும் வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் சீக்கிரம் வழுவழுத்துவிடும். 32 டிகிரிக்கு மேலான சூட்டில் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெறும் சோறுதானே என்று விடாதீர்கள். சோற்றில் வளரும் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

ஐஸ் பெட்டியில் பலரும் ஐஸை அடியில் போடுகிறார்கள். குளிர்ந்த காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும், அதனால் உறைந்த பாட்டில்கள் மேலே இருக்க வேண்டும். முதல் நாள் இரவே தண்ணீர் பாட்டிலை, கழுத்துப் பக்கம் நான்கு விரல் காலி விட்டு, உறையவிடுங்கள். குடிக்கும் தண்ணீருக்குத் தனிப் பெட்டி வேண்டும். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பது அதைத்தான்.

கேள்வி: துபாயில் ஆகஸ்ட் மாதம் சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: விடியற்காலை போங்கள். சாயங்காலம் வெயில் இறங்கினாலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, உடம்புச் சூடு தணியாது. கடல் தண்ணீரும் அந்த மாதம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஐந்தரைக்கு இறங்கி ஏழரைக்குள் கரையேறிவிடுங்கள்.